சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே கிதார்

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், அக்கா, அத்தான், பேத்தி எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

நீ அனுப்பிய செய்தியை அக்கா காட்டினாள். இனி ஊருக்கு வந்தாலும் கோயிலில் கிதார் வாசிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாயாம். பெங்களூரில் சனிக்கிழமை இரவு ஓட்டலில் வாசிக்கிற கை ஞாயிறு ஆராதனையில் வாசிக்கக் கூடாது என்று ஒரு பெரியவர் உன்னிடம் சொன்னதும், நீ பதில் பேசாமல் எழுந்து வந்ததும் எனக்குத் தெரியும். வயதில் மூத்தவரை எதிர்த்துப் பேசாதது உன் நல்ல குணம். ஆனால் அவர் சொன்னதை நீயும் நம்பத் தொடங்கிவிட்டாயோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. போனில் பேசினால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் அத்தான் எங்களை வில்க்ஸ்போரோவுக்கு அழைத்துப் போனார். அமெரிக்காவில் இங்கே வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து வடக்கே, ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் உள்ள சின்ன ஊர். அங்கே ஒரு கல்லூரி வளாகத்தில் ஆண்டுதோறும் நான்கு நாள் இசைவிழா நடக்கிறது. மெர்ல்ஃபெஸ்ட் என்று பெயர். புல்வெளியெங்கும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைகள் பல. மேடையேறாதவர்களும் மரத்தடியில் நாலு பேராகச் சேர்ந்து, தோல் கட்டிய தந்தி வாத்தியமான பாஞ்சோவும், ஃபிடில் என்கிற வயலினும், மாண்டலினும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ வந்திருந்தால் அந்த மரத்தடியை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய்.

இந்த விழா முதன்முதலில் தொடங்கக் காரணமானவர் டாக் வாட்சன் என்ற கிதார்க்காரர். உனக்கு அவர் வாசிப்பு தெரிந்திருக்கும். வாழ்க்கை தெரியுமோ என்னவோ, எழுதுகிறேன். 1923-இல் இந்த மலைப்பகுதியில் டீப் கேப் என்ற இடத்தில் பிறந்தவர். ஒரு வயது நிறைவதற்குள் கண்ணில் நோய் வந்து பார்வை போய்விட்டது. அவருடைய அப்பா, கண் தெரியாத பிள்ளை என்று அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. மரம் அறுக்கிற பெரிய ரம்பத்தின் ஒரு பக்கத்தைப் பையன் கையில் கொடுத்து, மறுபக்கத்தைத் தான் பிடித்து வேலை வாங்கினார். தன்னாலும் வேலை செய்ய முடியும் என்ற தைரியம் அந்த ரம்பத்தால்தான் வந்தது என்று டாக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பாஞ்சோவையும் அப்பாதான் செய்து கொடுத்தார், செத்துப்போன பூனையின் தோலை இழுத்துக் கட்டி! அந்த அப்பா சபையில் பாட்டு நடத்துகிறவர். அம்மாவும் பாடுவாள். பிள்ளை முதலில் கேட்டு வளர்ந்தது ஞானப்பாட்டு.

ஐயா, இனி சொல்வதை நன்றாகக் கவனி. வளர்ந்து குடும்பஸ்தரான பிறகு அவர் என்ன செய்து பிழைத்தார் தெரியுமா? பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தார். அதோடு ஒரு நடனக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்தார். ஜனங்கள் கைகோத்து ஆடுகிற ஆட்டத்துக்கு ஃபிடில் மெட்டு வேண்டும். குழுவில் ஃபிடில்காரர் இல்லை. அதனால் அந்த வேகமான மெட்டுகளை எல்லாம் கிதாரிலேயே வாசிக்கப் பழகினார். பிற்காலத்தில் உலகமே வியந்த அவருடைய கைவேகம் அந்த ஆட்டக் கொட்டகையில் பிறந்தது. உன் ஓட்டலைப் போன்ற இடந்தான் அதுவும். அதே கையால் 1990-இல் முழுக்க முழுக்கப் பக்திப் பாட்டாக ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

மெர்ல் என்பது அவருடைய மகனின் பெயர். பதினைந்து வயதிலேயே அப்பாவோடு மேடையேறியவன். கண் தெரியாத அப்பாவுக்கு ஊர் ஊராக வண்டியோட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன். 1985 அக்டோபரில் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனான். வயது முப்பத்தாறு. கிதாரையே கீழே வைத்துவிட நினைத்தாராம் டாக். பிறகு, மகன் நினைவாகக் கல்லூரியில் ஒரு தோட்டம் அமைக்கலாம், பார்வையில்லாதவர்களும் தொட்டும் முகர்ந்தும் அறிகிற தோட்டமாக இருக்கட்டும் என்று பேச்சு வந்தது. அதற்குப் பணம் திரட்ட 1988-இல் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். நண்பர்களெல்லாம் வந்து வாசித்தார்கள். அது இத்தனை பெரிய விழாவாக வளர்ந்து நிற்கிறது. பெற்றவளாக இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அந்தத் தகப்பன் ஆண்டுதோறும் அந்த மேடைக்கு வந்து மகன் பெயரைக் கேட்டுக்கொண்டே வாசித்திருக்கிறார்.

சனிக்கிழமை மாலை நாங்கள் கேட்ட பாட்டுகளைச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர் காதைப் பொத்திக்கொள்வார். காதல், குடி, ஜெயில், ரயிலேறி ஓடிப்போனவன் கதை. டாம் டூலா பாட்டும் இருந்தது. 1866-இல் இதே மாவட்டத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். அதற்காக டூலாவை 1868-இல் தூக்கிலிட்டார்கள். அதைத்தான் இன்னும் பாடுகிறார்கள். டாக் வாட்சன் குடும்பத்திலும் வழிவழியாகப் பாடி வந்த பாட்டாம்.

மறுநாள் ஞாயிறு காலை. அதே புல்வெளி. முந்தின நாள் பார்த்த முகங்களும் சில மேடையில் இருந்தன. நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நெருங்கி நின்று, வாத்தியங்களை நிறுத்திவிட்டு, நாலு குரலில் பாடினார்கள். நம் கொயரில் பாமாலை பாடும்போது பேஸ் குரல் அடியிலிருந்து தாங்குமே, அப்படியே இருந்தது. வார்த்தை பாதி புரியவில்லை, ஆனால் எனக்குத் தானாகக் கண் மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். 2012-இல் டாக் கடைசியாகப் பாடியபோதும் அவள் வந்திருந்தாளாம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை, ஏப்ரல் 29, நாஷ்வில் ப்ளூகிராஸ் பேண்ட் என்ற குழுவோடு சேர்ந்து பக்திப் பாட்டு. சரியாக ஒரு மாதத்தில், மே 29 அன்று, கர்த்தரிடம் போய்விட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்கார மலைநாட்டு வழக்கம், நமக்கு எதற்கு என்று யாராவது சொன்னால், கறுப்பின மக்களின் சபைகளில் நடந்ததையும் கேட்டுக்கொள். தாமஸ் டோர்சி என்பவர் 1920-களில் மா ரெய்னி என்ற பாடகிக்கு ப்ளூஸ் பியானோ வாசித்தவர். ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் துயரப் பாட்டு நடை, சபைக்கு வெளியே பாடுவது. அந்த ப்ளூஸ் நடையில் கர்த்தரைப் பாடினார். பல சபைகள் முதலில் அவரை உள்ளேயே விடவில்லை. 1932-இல் பிரசவத்தில் மனைவி இறந்தாள், குழந்தையும் இறந்தது. அந்தத் துக்கத்தில், ஆண்டவரே என் கையைப் பிடியும் என்று அவர் எழுதிய பாட்டைப் பாடாத ஆங்கிலச் சபை இன்று இருக்கிறதா? இன்று அவரைத்தான் காஸ்பல் என்கிற அந்தப் பக்தி இசையின் தகப்பன் என்கிறார்கள்.

நம் திருநெல்வேலி மண்ணில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரை மறந்துவிடுகிறோம். குறவஞ்சி என்பது குறத்தி ஆடிப்பாடிக் குறி சொல்கிற நாடகம். அரண்மனையிலும் கோவிலிலும் ஆடியது. அந்த வடிவத்தை அப்படியே எடுத்து அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவருடைய கீர்த்தனை இல்லாமல் நமக்குக் கிறிஸ்துமஸ் உண்டா? உன் தாத்தாவையும் நினைத்துப் பார். கல்யாண வீட்டுக் கச்சேரியில் வாசித்த ஆர்மோனியத்தைத்தான் டிசம்பர் பஜனைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு, பனியில் தெருத்தெருவாகப் போவார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

குடித்துவிட்டு வாசிக்காதே, பணத்தில் யாரையும் ஏமாற்றாதே என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. ஓட்டலில் சம்பாதித்ததில்தான் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினாய். அந்தக் காசைக் காணிக்கைப் பையில் போட்டால் வாங்கிக்கொள்கிறார்கள். கிதார் மட்டும் வேண்டாமா?

நான் ஊருக்குத் திரும்பியதும் நம் சபைப் போதகர் ஐயரைப் பார்த்துப் பேசப் போகிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று பிறகு கோபித்துக்கொள்ளாதே, இப்போதே சொல்லிவிட்டேன். கொயர் மாஸ்டருக்கு உன்மேல் வருத்தம் எதுவும் இல்லை. பண்டிகைக்குப் புதுப் பாட்டு பழக ஆள் போதவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

டாக் வாட்சனின் அந்தப் பக்திப் பாட்டு இசைத்தட்டை அக்கா வாங்கியிருக்கிறாள், என் பெட்டியில் வரும். கிதார் தந்தி எந்த அளவு வேண்டும் என்று எழுது, இங்கே கடையில் நல்லதாகக் கிடைக்கிறது. சபை விருந்து அசனத்துக்கு லீவு கிடைக்குமா என்பதையும் கேட்டு எழுது. ரயில் டிக்கெட்டை அப்பா முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

உன் அம்மா