வீடுகள் கிடங்குகளாகும் தெருக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய குடியிருப்புத் தெருக்கள் உருமாறிப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அடுக்குமாடி வீடுகளின் மீது பழியைப் போடுவது வழக்கமாகிவிட்டது. தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய உட்தெரு ஒன்றில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் நான் இதில் மாறுபடுகிறேன்.

1920-களில் மாம்பலம் ஏரியை மேடாக்கி உருவாக்கிய இந்நகரில், சுற்றிலும் தோட்டம் விட்ட தனி வீடுகளே முதலில் எழுந்தன. பின்னாளில் பாகப்பிரிவினை என்று வந்தபோது, இரண்டு கிரவுண்டு மனையை நான்கு பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள வேறு வழி தெரியாமல் கட்டுநரிடம் கொடுத்தார்கள். மாமரமும் கிணறும் போயின என்பது உண்மைதான். ஆனால் ஒரு குடும்பம் இருந்த இடத்துக்குப் பல குடும்பங்கள் வந்தன. மார்கழிக் கோலமும் கீரைக்காரரும் இஸ்திரி வண்டியும் தெருவில் நிலைத்தே இருந்தன.

இப்போது நடப்பது வேறு. கடைத்தெருவின் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் சரக்கு வைக்க இடம் வேண்டியிருக்கிறது. பெருஞ்சாலை வாடகை அதற்குக் கட்டுப்படியாவதில்லை. ஆகவே வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டப்பட்ட தரைத்தளத்துக்கு ஷட்டர் போடப்படுகிறது, முதல் மாடி குடோனாகிறது, மேல்மாடி கடை ஊழியர்களின் விடுதியாகிறது. மாடியில் எஞ்சியிருக்கும் குடும்பங்களின் வண்டிகள் தெருவுக்கு வந்துவிடுகின்றன. நள்ளிரவில் மூட்டை இறக்க வரும் வேன்கள் மீதமுள்ள வழியையும் அடைத்துக்கொள்கின்றன. (பாண்டி பஜாரில் 2019-இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தை எல்லோரும் பாராட்டுகிறோம், அங்கே நிற்க இடமில்லாத கார்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதையும் ஒருமுறை வந்து பார்க்கலாம்.)

இதை வெறும் இடநெருக்கடிப் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பற்றிய தீ, தீயணைப்பு வண்டிகள் அணிவகுத்து நிற்க முடிந்த அகலமான சாலையிலேயே ஒரு நாளுக்கு மேல் அடங்காமல், கடைசியில் அக்கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அதே துணிமூட்டைகள், இரண்டு கார்கள் எதிரெதிரே ஒதுங்க முடியாத தெருவில், தூங்கும் குழந்தைகளுக்குக் கீழே அடுக்கப்பட்டிருக்கின்றன.

2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை) 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தியபோதும் வாகன நிறுத்தத்தைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. ஆனால் பணி நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்தபின் அந்த இடம் என்னவாகிறது என்று பார்க்க எவரும் திரும்பி வருவதில்லை. கண்டுபிடிப்பதும் கடினமன்று: மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாறியிருந்தால் அது மின்வாரியக் கணக்கில் இருக்கும், அதே கதவு எண் குடியிருப்பு என்றே சொத்துவரி கட்டிவந்தால் அது மாநகராட்சிக் கணக்கில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத கதவு எண்களின் தரைத்தளங்களை முதலில் ஆய்வு செய்யுமாறு மாநகராட்சி ஆணையரைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன் இது நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தியாகராய நகர், சென்னை – 17