பீச் ரோட்டில் நடக்கிறோம், அடுத்த தெருவில் திணறுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கு வார இறுதியில் வருகிறவர்கள் வாடகை ஸ்கூட்டரில் ஊர் சுற்றுவது பற்றிச் சில வார்த்தைகள். நானும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன்தான். சனிக்கிழமை சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைக்குப் போவது எங்கள் வழக்கம். இப்போதெல்லாம் அஜந்தா சிக்னலைத் தாண்டுவதற்குள்ளேயே அலுத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பவே முடியாது.

மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் தடுப்பு வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை நடப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகளைப் பயமில்லாமல் ஓடவிடலாம். ஆனால், தடுப்பைப் பார்த்துத் திரும்பும் வண்டிகள் எங்கே போகும்? பக்கத்தில் உள்ள துமாஸ் வீதிக்கும் ரோமன் ரோலண்ட் வீதிக்கும்தான். ஏற்கெனவே இருபுறமும் கார்கள் நிற்கும் தெருக்கள் அவை.

போன வாரம் துமாஸ் வீதியில் கண்ட காட்சி இது: மஞ்சள் சுவரில் காகிதப்பூ படர்ந்த ஒரு வீட்டின் முன்னால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எண் எழுதிய வாடகை ஸ்கூட்டர் ஒன்று நடுத்தெருவில் நின்றது. பின்னால் இருந்த பெண் இறங்கிப் போட்டோவுக்கு நிற்க, ஓட்டி வந்த பையன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. எதிரில் வெள்ளை வேட்டியில் சைக்கிளில் வந்த பெரியவர், காலை ஊன்றிக்கொண்டு பொறுமையாக நின்றார். அதற்குள் பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகளின் ஹார்ன். அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரசிக்க வந்தவர்கள் ரசிக்கத்தான் செய்வார்கள். ஸ்கூட்டரில் வந்தால்தான் இந்தத் தெருக்களைப் பார்க்க முடியும் என்று நாம் வைத்திருப்பதுதான் தவறு.

சனி, ஞாயிறு மாலைகளில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் உள்ள தெருக்களில் சிலவற்றையாவது நடப்பவர்களுக்கு விட்டுவிட வேண்டும். அங்கே குடியிருப்பவர்களின் வண்டிகளுக்கும் அரவிந்தர் ஆசிரமத்து முதியவர்களின் சைக்கிள்களுக்கும் தடை கூடாது. அரசுப் பொது மருத்துவமனையும் அந்தப் பகுதியிலேயே இருப்பதால், ஆம்புலன்ஸ் போகும் வழியை எந்நேரமும் காலியாக வைத்தே ஆகவேண்டும். இப்போது இருக்கும் நெரிசலில் அதற்குத்தான் எனக்குப் பெரிய பயம். வெளியூர் வண்டிகளுக்குப் பழைய துறைமுகப் பக்கமும் சுப்பையா சாலையிலும் இடம் ஒதுக்கலாம். அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயிலுக்கோ பாரதி பூங்காவுக்கோ நடந்தே போய்விடலாம்.

வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கவலைப்படுவது புரிகிறது. கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாத நேரத்தில்தான் கூட்டம் அலைமோதுகிறது என்பதை அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நடக்கிறவர் நின்று பார்ப்பார், பசித்தால் உள்ளே வந்து உட்காருவார்.

அப்புறம், வாடகைக்கு வண்டி கொடுப்பவர்கள் இரண்டு ஹெல்மெட் தராமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்தானே.

தெருக்களை நடப்பவர்களுக்கு விடும் ஏற்பாட்டை முதலில் மாதத்தில் ஒரு வார இறுதிக்கு மட்டும் செய்து பார்க்கலாம். அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களை முன்கூட்டியே அழைத்துப் பேசிவிட்டு அரசு இதைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.