அண்ணே, அந்த 38-ஐ விடுங்கள்

அண்ணே,

புராஸ்டேட் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டீர்கள் என்று அண்ணி போனில் சொன்னார்கள். சந்தோஷம். அதே மூச்சில், "எனக்கு 38 மில்லிதானே, சம்பந்திக்கு 70, அவர் நிம்மதியாகத் தூங்குகிறாரே" என்று ஆரம்பித்தீர்களாமே?

புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திர வழியைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளவயதில் அதன் அளவு 20, 25 மில்லி இருக்கும். 30-ஐத் தாண்டினால் வீக்கம் என்கிறார்கள். எண்பதைத் தொட்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு அது பெருத்துத்தான் இருக்கும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. ஆனால் அளவு வேறு, அவஸ்தை வேறு. சம்பந்திக்கு வெளிப்பக்கமாகப் பெருத்திருக்கலாம், வழி திறந்திருக்கும். உங்களுக்கு நடுப்பகுதி மூத்திரப்பைக்குள் தலையை நீட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கிறது. போய்விட்டு வந்த பிறகும் 200 மில்லி மூத்திரம் உள்ளே தங்குகிறது என்று அதே ரிப்போர்ட்டில் இருக்கிறதே, அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படாது.

மோல்மீன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். சளிக்கு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் விழுங்கியிருந்தீர்கள். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து, கீழே மூத்திர வழியை இறுக்கிவிடும். ரப்பர் தோட்டத்து ஓரம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினீர்கள். கண்டக்டர் கத்துகிறான், ஜன்னல் முழுக்கத் தலைகள். லுங்கியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. ஒரு சொட்டு வரவில்லை. பெகு ஆஸ்பத்திரியில் மூத்திரம் வெளியேற ட்யூப் போட்டபோது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, பர்மியமொழியில் நர்ஸிடம், "தம்பியை வெளியே அனுப்புங்கள்" என்றீர்கள். போனேன். வெளியே நின்று அழுதேன்.

அண்ணியிடம் இதைச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் மானம் போயிற்று என்று ஆறு மாதம் பேசாமல் இருந்தீர்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிற மனுஷன், பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்று நினைத்தால் நான் என்ன செய்ய? நான் சொல்லாவிட்டால் இன்னும் மாத்திரையைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். இப்போதும் சொல்லத்தான் செய்வேன்.

வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். மூத்திர வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். இரண்டொரு நாள் ட்யூப் இருக்கும், கொஞ்ச நாள் ரத்தம் கலந்து போகும், பயப்பட வேண்டாம். இன்னொரு பின்விளைவு உண்டு. நம் ஆட்கள் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள், இங்கே எழுத மாட்டேன். டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், வெட்கப்படாமல்.

இதயத்துக்குச் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வருவேன், வெளியே போகச் சொன்னாலும் போக மாட்டேன். அப்பாவின் வீட்டு விஷயம் வேறு. ட்யூப் எடுத்த பிறகு அதைப் பேசுவோம், அதிலும் நான் விடுகிறதாக இல்லை.

உங்கள் தம்பி,
ரங்கூனிலிருந்து