ஒற்றைச் செருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாடி வீட்டு அக்கா உன்னிடம் சொன்னது அத்தனையும் நிஜம். போன புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, இடது காலில் செருப்பும் வலது காலில் ஒன்றுமில்லாமலும் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அவள் பயந்துபோய் உனக்குச் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு நீ மெதுவான குரலில், "அம்மா, இன்னிக்கு என்ன தேதி, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறதி எதுவும் வரவில்லைடா. மூன்றாம் வகுப்பில் உனக்கு அம்மை போட்டது எந்தக் கிழமை என்றுகூட இப்போதும் சொல்வேன்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

2021 மே மாதம் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்று அறிவித்தார்கள் இல்லையா, அப்போது கொரோனா, நான் எங்கே வெளியே போனேன்! எல்லாம் அடங்கி, அப்பாவும் போய் ஏழு மாதம் ஆன பிறகு ஒருநாள் குக்கர் காஸ்கெட் வாங்க 29சி பஸ் பிடித்துப் புரசைவாக்கம் போனேன். கண்டக்டர் காசு வாங்காமலே சீட்டைக் கொடுத்தார். எனக்கு என்னவோ கடையில் எதையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரி கூச்சம். அடுத்த முறை புரசைவாக்கத்தில் இறங்கவில்லை. இறங்கி என்ன வாங்கப்போகிறேன், ஒருத்திக்குச் சமைக்க என்ன வேண்டியிருக்கிறது? அப்படியே உட்கார்ந்திருந்தேன். பஸ் எங்கே முடிகிறதோ அங்கே, பெசன்ட் நகரில் போய் இறங்கினேன். அதிலிருந்து புதன்கிழமை என்றால் பெசன்ட் நகர்தான். உன்னிடம் சொன்னால் கார் புக் பண்ணிவிடுவாய் என்று சொல்லவில்லை.

கார் வேண்டாம் என்பதற்குக் காசு காரணமில்லை. காரில் கண்ணாடி ஏற்றியிருக்கும், டிரைவர் காதில் எதையோ மாட்டியிருப்பார், வழி சொல்கிற பெண் மட்டும்தான் பேசுவாள். பஸ்ஸில் அப்படியா? டீலக்ஸ் இரண்டு வந்தாலும் விட்டுவிட்டு, முன்னும் பின்னும் பிங்க் அடித்த இலவச வண்டிக்காக நிற்பேன். பெரம்பூரிலிருந்தே கிளம்புவதால் ஜன்னல் சீட் கிடைத்துவிடும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நம் ஊரில் கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்து வரமாட்டார். "டிக்கெட் பாஸ் பண்ணுங்க" என்று காசு கை மாறி மாறி அவரிடம் போகும், சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். போன மாதம் முன்னால் ஏறின ஒரு பெரியவர் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தார். எட்டுக் கைகளாவது தாண்டியிருக்கும். மீதி திரும்பி வரும்போது என் கை வழியாகத்தான் போனது. அந்த ஐந்து ரூபாய்க் காசு சுடச்சுட இருந்தது, அத்தனை பேர் உள்ளங்கைச் சூடு! அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். இப்போது கண்டக்டர் கையில் மெஷின் வந்துவிட்டது, போனைக் காட்டி டிக்கெட் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் எனக்கு அந்தச் சூட்டுக் காசுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் காற்று. அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து மொட்டை மாடியில் பனியனைத் தூக்கிவிட்டுக்கொண்டு "காத்து ஏறிடுச்சு" என்பாரே, அதைத்தான் சொல்கிறேன். தரை சுட்டு அதன் மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். மேற்கேயிருந்து காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல்காற்று கரையைத் தாண்ட முடியாமல் நிற்கும், ஊர் மூன்று மணி வரைக்கும் வெந்துபோகும். கரையோரத்துக்கு முதலில் வரும், நம் பக்கத்துக்குக் கொஞ்சம் தாமதம்தான். எனக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லை, நானே அதை எதிர்கொண்டு போகிறேன். ஜெமினி சிக்னலில் நிற்கும்போது ஒன்றும் இருக்காது, புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடையாற்றுப் பாலத்தில் ஏறினதும் ஜன்னல் வழியாக ஒரே அடி! பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும். ஆற்று நாற்றமும் சேர்ந்துதான் வரும், அதை மறைக்கமாட்டேன்.

இனி செருப்புக்கு வருகிறேன். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து ராத்திரியில் இந்தக் கரையேறி முட்டையிடும். கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க மணலில் நடந்து அந்த முட்டைகளை எடுத்து வந்து, பெசன்ட் நகரில் வேலி போட்டுப் புதைத்து வைக்கிறார்கள். 1988-இலிருந்து நடக்கிறதாம். ஒரு குழியில் 100 முட்டைக்கு மேலேகூட இருக்கும், 45, 50 நாளில் பொரியும். அந்தக் குஞ்சுகளைச் சாயங்காலம் கடலில் விடுவதைத்தான் போன புதன்கிழமை பார்த்தேன்.

என் உள்ளங்கையில் இரண்டு உட்காரும், அவ்வளவுதான் அளவு. வெளிச்சம் தெரிகிற பக்கம் போகிற புத்தி அவற்றுக்கு. ஒரு காலத்தில் ராத்திரி என்றால் கடல்தான் வெளிச்சம், இப்போது ரோட்டு விளக்குகள். ஒரு குஞ்சு திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை பேரும் மூச்சுவிடவில்லை. சுண்டல் விற்கிற பையன் தூக்கை மணலில் இறக்கி வைத்துவிட்டான். ஒரு மாணவி குனிந்து அதைத் திருப்பி விட்டாள், அலை வந்து அதை இழுத்துக்கொண்டது. யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லோரும் தட்டினோம். பெரிதாகிறது ஆயிரத்தில் ஒன்று என்று சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் செத்த ஆமைகள் ஒதுங்கிக் கிடந்ததையும் நான் பார்த்தவள்தான்.

கூட்டம் கலைந்த பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. திரும்புகிற பஸ்ஸில் பக்கத்துப் பெண் "ஆன்ட்டி, இன்னொண்ணு எங்கே?" என்றாள். "ஆமையோட போச்சு" என்றேன். அடையாறு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, தீபாவளிக்கு வாங்கினது.

நீ அனுப்பின பணத்தில் புதுச் செருப்பு வாங்கியாயிற்று, பின்னால் வார் வைத்தது. பாப்பாவிடம் ஆமைக் கதையை நீ சொல்லாதே, நான் சொல்கிறேன். புதன்கிழமை மட்டும் மத்தியானத்தில் கூப்பிடாதே. உனக்கு அது மத்தியானம், நான் அப்போது பஸ்ஸில் இருப்பேன், இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

அன்புடன்,
அம்மா