பாதியில் நிறுத்திய படத்தைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பூமணியின் 'வெக்கை' நாவலைப் பற்றி நீ பேசியதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தச் சூட்டோடு, அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்க்க உட்கார்ந்து, "புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சேர்த்துட்டாங்கப்பா" என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன் என்றாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போனில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

1982இல் வந்த அந்த நாவலில் பூமணி எதையும் விளக்குவதில்லை. கையை மட்டும் வெட்ட நினைத்துப் போன பையன் ஆளையே கொன்றுவிடுகிறான். அப்புறம் அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள்; கிடைத்ததை ஆக்கித் தின்கிறார்கள். அந்த அப்பனுடைய பழைய கதை பேச்சோடு பேச்சாகத்தான் வரும். அந்த மனிதனோடு பல மணி நேரம் கூடவே நடந்ததால் அவருடைய நிதானம் உனக்குப் பிடிபட்டது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால்தான் வெற்றிமாறன் அவருடைய இளமைக் காலத்தை ஒரு தனிக் கதையாகவே விரித்தார். இத்தனை பணிந்து போகிற மனிதன் முன்பு எப்படி இருந்தான், எதைப் பறிகொடுத்தான் என்று தெரிந்த பிறகு தனுஷின் முகத்தைப் பார், அந்தக் குனிந்த தலைக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். நீ நிறுத்தியது அதற்கு முன்பு என்று நினைக்கிறேன்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாவல், சரணடையப் போகிற இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. மிச்சத்தை நாம்தான் சுமக்க வேண்டும். படத்தில் படிப்பைப் பற்றி அப்பன் மகனுக்குப் புத்தி சொல்கிறார். சொன்னது நியாயம்தான். எனக்கு என்னவோ அந்த மௌனம்தான் பெரிதாகப் படுகிறது.

நாவலில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்கிறாயே, ஜெயகாந்தனை எடுத்துக்கொள். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் அம்மா. அதைப் படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு அவரே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று யோசித்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதை 1977இல் பீம்சிங் படமாக்கினார். லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். எழுதியவரே தன் கதையைத் தலைகீழாக்கிப் பார்த்திருக்கிறார். இதில் எது மூலம், எதற்கு உண்மையாக இருக்கச் சொல்வாய்? இரண்டிலும் மாறாமல் நிற்பது ஒரே கேள்வி: தப்பே செய்யாத பெண்ணை அவளைச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நான் படத்தில் தேடுவதும் அந்த மாதிரிக் கேள்வி தப்பிப் பிழைத்திருக்கிறதா என்றுதான். சம்பவங்கள் போனால் போகட்டும்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) பார்க்கும்போது இது உனக்கே புரியும். டைட்டிலில் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்று போட்டிருக்கும். படத்தையும் குறுநாவலையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றா என்று திகைப்பாய். ஆனால் பெரியவர்கள் செய்வதற்கெல்லாம் குழந்தைகள் பலியாவது இரண்டிலும் இருக்கிறது. கடைசியில் ஊரே சேர்ந்து அந்தப் பிள்ளைகளின் அப்பனை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகும். அவன் கெட்டவன், சாக வேண்டியவன் என்றுதான் அதுவரை நினைத்திருப்போம். உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேனே என்று அவன் சொன்னதும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கரையில் அந்த இரண்டு பிள்ளைகள். அழுவதற்கு இடம் கூடக் கொடுக்காமல் முடித்துவிடுவார்.

மாற்றம் எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுகிறவனும் இல்லை. 'பொன்னியின் செல்வ'னில் சேந்தன் அமுதன் விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டு, எதற்கும் ஆசைப்படாமல் இருந்தவன் தலையில் அருள்மொழி கிரீடத்தை வைப்பான்; கல்கியின் ஐந்து பாகமும் அங்கேதான் பூக்கிறது. மணிரத்னத்தின் இரண்டாம் பாகத்தில் அந்தக் கிரீடம், அதற்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே போகிறது. அதுவும் பெரிய தியாகம்தான், நேரமும் மிச்சம். ஆனாலும் அந்த இனிப்பான அதிர்ச்சி போய்விட்டது. முகங்கள் பொருந்தவில்லை என்ற குறையை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொடராக வந்தபோதே வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் மணியத்தின் தூரிகை முகம் கொடுத்துவிட்டது. படித்தவர்கள் மனதில் இருந்ததில் பாதி அவர் வரைந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை 'அசுர'னை விட்ட இடத்திலிருந்து போட்டுப் பார். பார்த்துவிட்டு, அந்த அப்பன் நாவலில் பெரியவரா, படத்தில் பெரியவரா என்று எனக்குச் சொல். நான் நாவல் பக்கம். அம்மா படத்தின் பக்கம். உன் ஓட்டுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா