மலைச்சபையின் கூரைக்காக ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டையும் தாண்டிப் போனால் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் நம் லுத்தரன் சபையின் ஜெபவீடு இருக்கிறது. கல் சுவர், மேலே தகரம். காப்பி பறிக்கிறவர்களும் மிளகு பறிக்கிறவர்களும் குடும்பத்தோடு கூடுகிற இடம். ஞாயிறுதோறும் உபதேசியார் ஆராதனை நடத்துகிறார். அப்பமும் திராட்சரசமும் பெறுகிற நற்கருணை மாதத்துக்கு ஒரு முறைதான், நம் போதகரான ஐயர் மலையேறி வரும் இரண்டாம் ஞாயிற்றில்.

போன நவம்பரில் கட்டடக் கமிட்டியிலிருந்து மூன்று பேர் ஐயரோடு போயிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலமே எல்லாரும் ஆயத்த ஜெபத்துக்கு வந்து நற்கருணைக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். பறிப்புக் காலம். கையெல்லாம் காப்பிப் பழத்தின் கறை. மறுநாள் பாவ அறிக்கை, விசுவாசப்பிரமாணம், பிரசங்கம் எல்லாம் நல்லபடியாக நடந்தன. ஐயர் அப்பத்தைக் கையில் எடுத்த நேரம் மழை பிடித்துக்கொண்டது.

தகரத்தில் மலை மழை விழுகிற சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஐயர் வாய் அசைகிறது, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சற்று நிறுத்திப் பார்த்தார். மழை விடுவதாக இல்லை. இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பாட்டி முக்காட்டை விலக்கி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தார். கடைசியில் ஐயர் ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். முடிய வெகுநேரம் ஆனது. தாமதமாயிற்று என்று ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை.

ஆனால் இது சத்தத் தொந்தரவு மட்டும்தானா? மார்ட்டின் லுத்தர் 1529-இல் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சரீரப்பிரகாரமாகப் புசிப்பதும் குடிப்பதும் இவ்வளவு பெரிய காரியங்களை எப்படிச் செய்யும் என்று அதில் ஒரு கேள்வி வரும். புசிப்பதும் குடிப்பதும் மட்டுமல்ல, அதோடு சேர்ந்த "உங்களுக்காக" என்ற வார்த்தையே செய்கிறது என்பது பதில். அந்த வார்த்தையை விசுவாசிக்கிறவனே நற்கருணை பெறப் பாத்திரவான். அப்பத்திலும் திராட்சரசத்திலும் கர்த்தருடைய மெய்யான சரீரமும் இரத்தமும் இருக்கின்றன என்று நாம் அறிக்கையிடுவதும் அவர் வார்த்தையை நம்பித்தான். வார்த்தை காதில் விழ வேண்டும் என்றுதான் ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படிக்க உட்கார்ந்தார். அப்படி வந்து சேர்ந்த வார்த்தையை இன்று நம் சொந்தக் கூரை மறைக்கிறது. எங்களுக்கு அது பொறுக்கவில்லை.

அப்புறம், அந்த ஜெபவீட்டில் இன்னொன்றும் பார்த்தோம். முழங்காலிடக் கிராதி இல்லை. சிமெண்டுத் தரையில் சாக்கை மடித்துப் போட்டு வரிசையாக முழங்காலிடுகிறார்கள். மேஸ்திரி, அவர் பக்கத்தில் கூலிப் பெண், அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். எல்லாருக்கும் ஒரே நற்கருணைப் பாத்திரம். தமிழ்ச் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்த காலம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்ற வசனம் அந்தச் சாக்கு வரிசையில் நடந்ததைக் கண்ணால் கண்டோம். அவர்களுக்கு ஒரு நல்ல கிராதியும் வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் பிடித்து எழுந்திருக்க ஒன்றுமே இல்லை.

சரி, வேலை இதுதான். தகரத்தைப் பிரித்துவிட்டு மங்களூர் ஓடு, அதற்கு அடியில் பலகை சீலிங். சுவர் தாங்கும் என்று கொத்தனார் பார்த்துச் சொல்லிவிட்டார். கிராதியை சில்வர் ஓக் மரத்தில் செய்யலாம். மரத்தைத் தோட்டத்துக்காரரே தருகிறார், அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. நற்கருணைப் பாத்திரத்தின் வெள்ளி முலாம் தேய்ந்திருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். முலாம் பூசிக் கொடுத்தவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆகவே அதற்குச் செலவில்லை.

மொத்த மதிப்பீடு 4,80,000 ரூபாய். மலைக் குடும்பங்கள் மாதம் ஒருநாள் கூலியை எடுத்து வைத்துச் சேர்த்ததும், நகரச் சபையின் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையும் சேர்ந்து 1,35,000 கையில் இருக்கிறது. மீதி 3,45,000. சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். உங்களில் எத்தனையோ பேருடைய தாத்தா பாட்டி அந்த மலையில் முழங்காலிட்டவர்கள். முழுத் தொகையாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பத்து ஓட்டுக்கான பணம் கொடுத்தாலும் பெரிய உதவி.

ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் மலையில் கூரையைப் பிரிக்க முடியும், அதற்குப் பிறகு கோடை மழை வந்துவிடும். அதனால் டிசம்பர் முடிவதற்குள் ஓட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். காணிக்கையை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை அலுவலகத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இங்குள்ள உறவினர் மூலம் கொடுத்தனுப்பலாம். வரவு செலவை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் இரவு நற்கருணையைப் புதுக் கூரையின் கீழ் நடத்த ஐயர் நாள் குறித்திருக்கிறார். அன்று மலைக்கு வர விரும்புகிறவர்கள் இப்போதே பேர் கொடுத்தால் வண்டி ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கட்டடக் கமிட்டியார்