தைப்பூச மண்டபத்தில் ஒரு சுதந்திர மாலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினம் என்றால் அரசு நடத்தும் விழா, நாம் வீட்டில் இருந்து டி.வி.யில் பார்ப்பது என்று பழகிவிட்டோம். ஊரே திரண்டு வந்து கொண்டாடும் சுதந்திர விழாவைப் போன ஆகஸ்ட் 31 அன்று மலேசியாவில் பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனதில் கிடக்கும் ஒரு யோசனையை நம் நெல்லைச் சீமை வாசகர்கள் முன் வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் இருக்கும் என் அத்தை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு மதினி முறை. அந்த மாதம் முழுக்க அங்கே திரும்பின பக்கமெல்லாம் கொடிதான். கார் ஜன்னலில், லாரி முகப்பில், ரொட்டி சானாய் போடுகிற கடையில் கல்லாவுக்கு மேலே, சிவப்பும் வெள்ளையுமாகப் பதினான்கு கோடு போட்ட கொடி. மெர்டேக்கா அன்று, அதாவது அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, விடிவதற்கு முன்பே அணிவகுப்பு பார்க்கப் புத்ராஜெயா நகரத்துக்குக் கிளம்பிவிட்டோம். போய்ச் சேர்ந்தால், சாலையோரம் நெடுகப் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின ராத்திரியே வந்து படுத்துக் கிடந்தவர்களும் உண்டு. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாம் கலந்துதான் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு மலாய் அம்மா தன் பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பாயில் உட்காரச் சொன்னார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். அவர் பேரன் கையில் இரண்டு சின்னக் கொடிகள் இருந்தன. ஒன்றை என் கையில் கொடுத்து, எப்படி ஆட்ட வேண்டும் என்று ஆட்டியும் காட்டினான்.

ராணுவம், போலீஸ் எல்லாம் அணிவகுத்துப் போனது. அதைவிடத் தீயணைப்பு வீரர்களும் நர்ஸுகளும் வந்தபோது கூட்டத்தில் எழுந்த ஆரவாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தேசிய கீதம் தொடங்கியதும் தின்றுகொண்டிருந்தவர்கள் கூட அப்படியே எழுந்து நின்றார்கள். அப்புறம் 'மெர்டேக்கா' (விடுதலை) என்று ஏழு தடவை முழங்கினார்கள். 1957 ஆகஸ்ட் 31 காலையில் அந்த நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூர் அரங்கத்தில் நின்று ஏழு முறை முழங்கியதை இன்றுவரை அந்த மக்கள் விடாமல் சொல்லிவருகிறார்கள்.

எங்களோடு மதினியின் மாமியாரும் வந்திருந்தார். ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய அம்மா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவராம். அங்கேயே உழைத்து அந்த மண்ணிலேயே கண்ணை மூடியும், கடைசிவரை குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தாராம். அப்படி எத்தனையோ தமிழர்கள் அங்கே உண்டு. அந்த வருத்தத்தை மதினியின் மாமியார் மறைக்கவில்லை, வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் ஏழு முழக்கத்துக்கும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 அன்று ஆட்சியர் கொடி ஏற்றுகிறார், போலீஸ் அணிவகுப்பு நடக்கிறது, தியாகிகளின் குடும்பத்தாருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது. கோயில்களில் பொது விருந்தும் உண்டு, கிராமங்களில் கிராம சபையும் கூடுகிறது. 2002 முதல் எந்த நாளிலும் அவரவர் வீட்டில் கொடி ஏற்றவும் உரிமை இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விழா பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் நம் தெருவில் எத்தனை? ஆடித் தள்ளுபடிக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதியாவது அன்றைக்கு வெளியே வரக் கூடாதா?

இதை நான் ஆதங்கத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. விடுதலையைக் கொண்டாடினார்கள் என்பதற்காகவே கைது நடந்த ஊர் இது. 1908 மார்ச் 9 அன்று வங்காளத்து விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து வெளியே வந்ததை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தடையை மீறிக் கொண்டாடினார்கள். தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மார்ச் 12 அன்று அவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்துப்போனார்கள். அந்த ஜூலையில் வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும், மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டதும் நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். ஜங்ஷனிலும் டவுனிலும் தாங்கள் தினம் நடக்கிற தெருக்களில் நடந்த இந்தச் சம்பவத்தைக் கேட்டால் முழிக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

என் யோசனை இதுதான். ஆகஸ்ட் 14 சாயங்காலம் அதே தைப்பூச மண்டபத்துப் படித்துறையில் ஊர்க்காரர்கள் கூடலாம். அழைப்பிதழ் வேண்டாம், மேடையும் நாற்காலி வரிசையும் வேண்டாம். பாய் கொண்டுவந்து உட்காரட்டும், வீட்டிலிருந்து சாப்பாடும் கொண்டுவரட்டும். 1908இல் நடந்ததை விவரம் தெரிந்த ஒருவர் பிள்ளைகளுக்குப் புரியும்படி அரை மணி நேரம் சொல்லட்டும். பாரதியார் பாட்டைச் சேர்ந்து பாடுவோம். அன்று செத்துப்போன நான்கு பேரையும் நினைத்து ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம். மழை பெய்தால் பக்கத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வராந்தா போதும்.

ஆற்றோரம் என்பதால் வெளிச்சமும் காவலும் கட்டாயம் வேண்டும். அதற்கும் ஒலிபெருக்கி அனுமதிக்கும் மாநகராட்சியும் காவல்துறையும் மனது வைக்க வேண்டும். பாடுவதற்கும் பாய் விரிப்பதற்கும் ஆள் சேர்க்கிற பொறுப்பை எங்கள் தெருப் பெண்கள் எடுத்துக்கொள்கிறோம், பேசிவைத்துவிட்டேன். வேறு தெருக்காரர்களும் சேர வருவதாக இருந்தால் தங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதட்டும். ஜூலைக்குள் தெரிந்தால் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.